சிப்பி விருந்தும் சீ.ஆர். கொப்பியும்

2018 ஜூலையில் லண்டனில் உள்ள சொதபீஸ் ஏல நிறுவனத்தில் ஒரு பழைய ஒல்லாந்து ஓவியம் விற்பனைக்கு வந்தது. ஒரு வீட்டின் உட்புறத்தைக் காட்டும் படம். இளைஞன் ஒருவன் தட்டில் சிப்பிகளை வைத்து ஓர் இளம்பெண்ணிடம் நீட்டுகிறான். வேறொன்றும் நடக்கவில்லை. 1664-65 அளவில் யாக்கோப் ஒக்டர்வெல்ட் என்பவர் வரைந்த இந்தப் படத்தின் பெயர் ‘சிப்பி விருந்து’. ஏல நிறுவனம் போட்டிருந்த மதிப்பீடு 15 இலட்சம் முதல் 25 இலட்சம் ஸ்ரேலிங் பவுண் வரை.

அதை விற்கக் கொடுத்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டி. எட்டு மாதங்களுக்கு முன்னர், 2017 நவம்பரில், தனது 96 வயதில்தான் அந்தப் படத்தை அவர் திரும்பப் பெற்றிருந்தார். அவருடைய தகப்பனிடமிருந்து அது களவுபோனது 1945 ஜனவரியில். இடையில் 72 ஆண்டுகள்.

ஹட்டனில் இருந்துகொண்டு லண்டன் ஏலத்தைப் பற்றி ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. 1977 கலவரத்துக்குப் பிறகு கண்டிப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வவுனியாவுக்கும், பின்னர் கிளிநொச்சிக்கும் போய், 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மெனிக்பாம் முகாம் வழியாக எங்கள் லயத்துக்கு வந்துசேர்ந்த பெரியம்மாவின் கொப்பி. அதில் அவர் இழந்த வீட்டுச் சாமான்களின் பட்டியல் இருக்கிறது. நான் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் அவர் சொல்லச் சொல்ல என் கையால் எழுதியது. ‘சிப்பி விருந்து’ பற்றிய செய்தியை முதலில் வாசித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்தக் கொப்பிதான். காணாமல்போன ஒரு வீட்டுச் சாமான் எப்படித் திரும்பி வருகிறது? யாருக்கு வருகிறது? எதை வைத்து?

வீட்டுக்குள்ளே பார்த்தவர்கள்

பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மற்ற நாட்டு ஓவியர்களுக்குப் படம் வரையச் சொன்னது பெரும்பாலும் தேவாலயமும் அரண்மனையும்தான். ஒல்லாந்தில் நிலைமை வேறு. அங்கே அரசன் இல்லை, புரட்டஸ்தாந்துத் தேவாலயங்களோ சுவரில் படம் மாட்டுவதில்லை. ஆகவே வாங்கியவர்கள் வியாபாரிகள், நெசவாளர்கள், பேக்கரிக்காரர்கள். 1640இல் அம்ஸ்டர்டாமுக்குப் போன பீட்டர் மண்டி என்ற ஆங்கிலப் பயணி, கொல்லனும் செருப்புத் தைப்பவனும்கூடத் தங்கள் பட்டறையில் ஏதாவது ஒரு படம் மாட்டிவைத்திருக்கிறார்கள் என்று வியந்து எழுதியிருக்கிறார். இவர் அதற்கு முன்னரே கிழக்கிந்தியக் கம்பனி வேலையாக சூரத், ஆக்ரா எல்லாம் பார்த்து வந்தவர்.

இப்படி வாங்கியவர்கள் விரும்பியது தங்கள் வாழ்க்கையையே. கூட்டிப் பெருக்கும் வேலைக்காரி, பிள்ளைக்குத் தலை பார்க்கும் தாய், கடிதம் வாசிக்கும் பெண், பால் ஊற்றும் பெண். வெர்மீர், பீட்டர் டி ஹோக், யான் ஸ்டேன் ஆகியோர் இந்த வகையில் பெயர் பெற்றவர்கள். ஜன்னல் வழியே வரும் வெளிச்சம் ஒரு சுவரில் விழுவதை இவர்கள் பார்த்த மாதிரி அதற்கு முன்னர் யாரும் பார்த்ததில்லை என்பது என் எண்ணம். இந்தப் படங்கள் இன்று சாதாரணமானவர்கள் நினைத்துப் பார்க்கக்கூடிய விலையில் இல்லை. 2004இல் வெர்மீரின் மிகச் சிறிய படமொன்று, ஏறத்தாழ 25 சென்டிமீற்றர் உயரமும் 20 சென்டிமீற்றர் அகலமும், அதாவது ஒரு அப்பியாசக் கொப்பி அளவு, சொதபீஸில் 162 இலட்சம் பவுணுக்குப் போனது.

ஒக்டர்வெல்ட் அந்தளவு பிரபலமானவர் அல்ல. 1634இல் றொட்டர்டாமில் பிறந்து 1682இல் அம்ஸ்டர்டாமில் இறந்தவர். பட்டுத் துணியின் பளபளப்பை வரைவதில் கெட்டிக்காரர். ஆனால் எனக்கு அவரைப் பிடித்தது வேறொரு காரணத்துக்காக. அவர் வாசல்களை வரைந்தார். பணக்கார வீடொன்றின் முன்கூடம், கறுப்பு வெள்ளைச் சலவைக்கல் தரை, திறந்த கதவு. கதவுக்கு வெளியே மீன்காரி, கோழிக்காரன், பிடில் வாசிக்கும் தெருப் பாடகன். உள்ளே நல்ல உடுப்புப் போட்ட குழந்தையும் எசமானியும். வெளியே நிற்பவர் நிலைப்படியைத் தாண்டுவதில்லை. படத்துக்கு வெளிச்சம் வருவதோ அவர் நிற்கும் தெருப்பக்கத்திலிருந்து.

லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் படங்களை விளக்கத் தேவையில்லை. பெரியதுரை பங்களாவின் பின்வாசலில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள்.

படத்துக்குள் நம் கடல்

‘சிப்பி விருந்து’ வரையப்பட்ட ஆண்டுகளை இன்னொரு கணக்கிலும் பார்க்கலாம். ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணக் கோட்டையையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது 1658இல். படம் அதற்கு ஆறேழு ஆண்டுகளுக்குப் பிந்தியது. ஒக்டர்வெல்டின் ஊரான றொட்டர்டாம், ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆறு கிளைகளில் ஒன்று இருந்த நகரம். கம்பனியின் கப்பல்களில் இலங்கைக் கறுவா போனது. யாழ்ப்பாணத்து யானைகள் இந்தியச் சந்தைக்குப் போயின. மன்னார்க் கடலில் முத்துக் குளிக்கும் உரிமை கம்பனியிடம் இருந்தது. சோழமண்டலக் கரையின் துணியும், பஞ்ச காலத்தில் அந்தக் கரையில் விலைபோன மனிதர்களும் அதே கப்பல்களில் ஏறினார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பஞ்சத்தில் நாகப்பட்டினம் வழியாக அடிமைகளாக வாங்கப்பட்டவர்கள் யாழ்ப்பாணத்துக்கும் பத்தாவியாவுக்கும் கொண்டுசெல்லப்பட்டது இதே 1659-61 காலத்தில்தான்.

இந்தப் படத்தில் இருக்கும் சிப்பி முத்துச் சிப்பி அல்ல, உண்ணும் சிப்பி. ஒல்லாந்துப் பெண்கள் காதில் போட்ட முத்து மன்னாரா பாரசீகக் குடாவா என்று படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த அறைகளின் வசதிக்குப் பணம் வந்த வழிகளில் ஒன்று எங்கள் கரைகளைத் தொட்டுப் போனது.

காலியாக்கப்பட்ட நகரம்

இனி அந்தப் படம் களவுபோன கதை. நெதர்லாந்தின் கிழக்கே ஆர்ன்ஹெம் என்று ஒரு நகரம். அங்கே சிறுவர் மருத்துவமனை ஒன்றின் பணிப்பாளராக இருந்தவர் மருத்துவர் ஸ்மிட் வான் கெல்டர். பழைய ஓவியங்கள் சேர்ப்பவர். யுத்தம் வந்ததும் தன் படங்களில் முக்கியமானவற்றை நகரிலிருந்த வங்கி ஒன்றின் பாதுகாப்பு அறையில் வைத்தார். எங்கள் ஆட்கள் நகையை வங்கியில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்த மாதிரி.

1944 செப்டெம்பரில் நேச நாடுகளின் வான்படையினர் ஆர்ன்ஹெம் பாலத்தைப் பிடிக்க இறங்கித் தோற்றார்கள். சண்டை முடியும் தறுவாயில் ஜேர்மன் படை அந்த நகரத்து மக்களை வெளியேறச் சொன்னது. சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் கையில் எடுத்ததுடன் நடந்தார்கள். காலியான நகரத்தில் பிறகு நடந்ததை யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு, அல்லது 2009 தொடக்கத்தில் கிளிநொச்சியையும் விசுவமடுவையும் விட்டு நடந்தவர்களுக்கு, நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வீடு வீடாக, ஒழுங்குமுறையாகச் சாமான்கள் ஏற்றப்பட்டன. 1945 ஜனவரியில் வங்கியின் பாதுகாப்பு அறையும் உடைக்கப்பட்டது. ‘சிப்பி விருந்து’ ஜேர்மனிக்குப் போனது.

கொள்ளையடித்தவனிடம் ஓவியம் நெடுநாள் தங்குவதில்லை. ஒரு வியாபாரியிடமிருந்து இன்னொருவருக்கு, அவரிடமிருந்து வேறொருவருக்கு என்று கைமாறும்போது ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் சுத்தமாகிறது. கடைசியில் வாங்குபவர் கையில் முறையான ரசீது இருக்கும். 1971இல் இந்தப் படத்தை வாங்கியவர் இங்கிலாந்தின் பெரிய காணி, கட்டட முதலீட்டாளரான ஹரோல்ட் சாமுவேல் பிரபு. அவர் 1987இல் இறந்தபோது தன்னிடமிருந்த 84 ஒல்லாந்து, பிளெமிஷ் ஓவியங்களையும் சிற்றி ஒஃப் லண்டன் நகர நிர்வாகத்துக்கு எழுதிவைத்தார். அவை லண்டன் லோர்ட் மேயரின் வாசஸ்தலமான மான்சன் ஹவுஸ் சுவர்களில் ஏறின. விருந்துக்கு வந்த அரச தலைவர்கள் அந்தப் படத்தின் கீழே நின்றிருப்பார்கள்.

மருத்துவர் தேடிக்கொண்டே இருந்து இறந்துபோனார். பிள்ளைகள் தேடினார்கள். ஐரோப்பாவில் கொள்ளையிடப்பட்ட கலைப்பொருட்களுக்கான ஆணைக்குழு என்ற, லண்டனில் இயங்கும் அரசுசாரா அமைப்பு அவர்களுக்காகத் தேடி, படம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தது. நகர நிர்வாகம் அதை அந்த மகளிடம் கையளித்தது.

சட்டம் கொடுக்காதது

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று இருக்கிறது. சட்டம் மட்டும் பேசியிருந்தால் அந்தப் படம் திரும்பியிருக்காது. இங்கிலாந்துச் சட்டப்படி, களவுப் பொருள் என்று தெரியாமல் ஒருவர் நல்லெண்ணத்துடன் வாங்கினால், பொதுவாக ஆறு ஆண்டுகளில் பழைய உரிமையாளரின் உரிமை அற்றுப்போகிறது. அந்தக் கணக்கில் மருத்துவர் குடும்பத்தின் உரிமை எழுபதுகளிலேயே முடிந்த விடயம். நிலைமையை மாற்றியது 1998 டிசம்பரில் வாஷிங்டனில் 44 நாடுகள் ஏற்றுக்கொண்ட கோட்பாடுகள். இவை எவரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாதவை. ஆனாலும் நாசிக் கொள்ளை பற்றிய கேள்விக்குச் ‘காலம் கடந்துவிட்டது’ என்று மட்டும் பதில் சொல்வது அதற்குப் பிறகு வெட்கக்கேடாகிவிட்டது. பிரித்தானியா 2000ஆம் ஆண்டில் இதற்கென ஆலோசனைக் குழு அமைத்தது. 2009இல் தேசிய அருங்காட்சியகங்கள் பொருட்களைத் திருப்பிக்கொடுக்க அனுமதிக்கும் சட்டம் வந்தது.

வாஷிங்டன் கோட்பாடுகள் பதினொன்று. அவற்றில் நான்காவதை நம்மவர்கள் படித்துப் பார்க்கவேண்டும். எவ்வளவோ காலம் போய்விட்டது, சூழ்நிலைகளும் அப்படிப்பட்டவை, ஆகவே பொருளின் வரலாற்றில் இடைவெளிகளும் தெளிவின்மையும் இருக்கத்தான் செய்யும், அதைக் கருத்தில் கொள்ளவேண்டும் என்று அது சொல்கிறது. அதாவது ஓடியவனிடம் எல்லாக் கடதாசியும் இருக்காது என்பதை 44 அரசுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன.

இந்த ஒப்புதல் இலகுவில் வரவில்லை. நெதர்லாந்து அரசையே பாருங்கள். யுத்தம் முடிந்து நேசப் படைகள் ஜேர்மனியிலிருந்து மீட்ட ஓவியங்களை அந்த அரசிடம் கொடுத்தன, உரியவர்களிடம் சேர்க்கும்படி. அரசு சட்டத்தின் எழுத்தைப் பிடித்துக்கொண்டது. நிரூபி என்றது. நிரூபிக்க முடியாதவர்களின் படங்களில் ஒரு பகுதியை விற்றது, மீதியைத் தன் அருங்காட்சியகங்களிலும் அலுவலகங்களிலும் மாட்டியது. கொள்ளையடிக்கப்பட்டவர்களின் நாடே அவர்களின் படங்களை வைத்துக்கொண்டது. அதைத் திருத்துவதற்கான மீள்கையளிப்புக் குழு 2002இல்தான் வேலையைத் தொடங்கியது.

அந்தக் குழுவின் முன்னால் வந்த மிகப் பெரிய வழக்கு யாக் கௌட்ஸ்டிக்கர் என்பவருடையது. அம்ஸ்டர்டாமில் முதல்தர ஓவிய வியாபாரி, யூதர். 1940 மே நடுப்பகுதியில், ஜேர்மன் படை நாட்டைப் பிடித்த அதே நாட்களில், மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் ஒரு கப்பலில் ஏறினார். இரவில், இருட்டடிப்பு நேரத்தில், கப்பல் தளத்திலிருந்த திறப்பு ஒன்றுக்குள் தவறி விழுந்து இறந்துபோனார். அவர் விட்டுவந்த படங்களை நாசித் தலைவர் கோரிங்கும் அவனது கூட்டாளியும் ‘விலைக்கு வாங்கிய’ பேரில் எடுத்துக்கொண்டார்கள்.

கௌட்ஸ்டிக்கரின் சட்டைப்பையில் ஒரு சிறிய கறுப்புக் கொப்பி இருந்தது. அதில் 1,113 ஓவியங்களின் பட்டியல். ஓவியர் பெயர், படத்தின் விபரம், வாங்கிய விலை என்று அவரது தொழில் முறைப்படி எழுதியது. அவர் மனைவி அதைக் காப்பாற்றி வைத்தார். இரண்டு தலைமுறை இழுபறிக்குப் பிறகு, 2006 பெப்ரவரியில், நெதர்லாந்து அரசு 202 ஓவியங்களை அவரது மருமகளிடம் திருப்பிக் கொடுத்தது. அந்தக் கறுப்புக் கொப்பி இல்லாதிருந்தால் இந்த வழக்கு எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கொப்பி இப்போது அம்ஸ்டர்டாம் நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

இப்படித் திரும்பி வரும் படங்களில் பல நேராக ஏலத்துக்குத்தான் போகின்றன. ‘சிப்பி விருந்து’ம் அப்படித்தான். ‘பணத்துக்காகத்தானா?’ என்று பத்திரிகைகள் முகம் சுளிப்பதுண்டு. எனக்கு அந்தச் சுளிப்பில் உடன்பாடில்லை. ஒரு படத்தை வாரிசுகளுக்குள் துண்டு போட முடியாது. பல இலட்சம் பவுண் பெறுமதியான பொருளைச் சாதாரண வீட்டுச் சுவரில் மாட்டினால் காப்புறுதிக் கட்டணமே ஆளைத் தின்றுவிடும். வழக்குச் செலவும் இருக்கும். தன்னுடையதைத் தான் விற்பதற்கும் தன்னுடையதை இன்னொருவன் விற்பதற்கும் இடையில் உள்ள வித்தியாசந்தான் இங்கே முழு விடயமும்.

கண்டிக்குத் திரும்பிய பீரங்கி

மலையகத்துக்கு நெருங்கி வந்தால், இதே நெதர்லாந்து கொள்ளையடித்த பக்கத்தில் நிற்கும் கதை ஒன்று இருக்கிறது. ஒல்லாந்தர் கரையோரத்தை ஆண்டார்களே தவிர மலைநாட்டை ஆளவில்லை. கண்டி இராச்சியம் தனியாக இருந்தது. 1765 பெப்ரவரியில் ஆளுநர் வான் எக் படையுடன் ஏறி வந்து கண்டி அரண்மனையைச் சூறையாடினார். அப்போது அரசனாக இருந்தவர் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் பரம்பரை. வெள்ளி, தங்கம், வெண்கலம், மாணிக்கக் கற்கள் பதித்த ஒரு சிறிய அலங்காரப் பீரங்கி அந்தக் கொள்ளையில் போய், பிறகு அம்ஸ்டர்டாம் றைக்ஸ் அருங்காட்சியகத்தின் காட்சிப்பொருளானது. அதை நாயக்கர் பரம்பரையின் முதல் அரசனான ஸ்ரீ விஜய இராஜசிங்கனுக்கு லெவ்கே திசாவை 1740களில் பரிசாகக் கொடுத்தாராம். பீரங்கியிலேயே அது பொறிக்கப்பட்டிருக்கிறது. அருங்காட்சியகம் நீண்ட காலம் இதை வெறும் காட்சிப்பொருளாகவே வைத்திருந்தது.

2020இல் நெதர்லாந்து அரசு நியமித்த குழு ஒன்று, முன்னாள் ஒல்லாந்துக் காலனிகளிலிருந்து சம்மதமின்றி எடுக்கப்பட்டவை என்று தெரிந்தால் நிபந்தனையின்றித் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. இரு நாட்டு ஆய்வாளர்கள் உட்கார்ந்து ஆவணங்களைத் தேடினார்கள். 2023 டிசம்பரில் பீரங்கியும், வாள்களும், கத்தியும், இரண்டு துப்பாக்கிகளுமாக ஆறு பொருட்கள் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்தன. 258 ஆண்டுகள்.

இலங்கை அரசு பெற்றுக்கொண்டது, படம் எடுத்துக்கொண்டது, நல்லது. அரசுக்கு அரசு கொடுப்பது என்றால் இவ்வளவு தூரம் வரலாம். இதே அரசின் ஆட்சிப் பரப்புக்குள் யுத்தத்தில் வீடு இழந்தவரின் கதவு நிலைக்கு, ஓட்டுக்கு, தையல் மெசினுக்கு இப்படி ஓர் ஆராய்ச்சிக் குழு உட்காருமா என்ற கேள்வி எனக்கு அன்றைக்கு வந்தது.

யார் எழுதிய பட்டியல்

கௌட்ஸ்டிக்கரின் கொப்பி தனி ஒரு மனிதரின் கெட்டித்தனம் மட்டுமல்ல. ஒல்லாந்தர் பட்டியல் எழுதும் பழக்கத்தில் ஊறியவர்கள். ஒருவர் இறந்தால் அல்லது கடனில் விழுந்தால் நொத்தாரிசு வந்து அறை அறையாகப் போய் எல்லாவற்றையும் எழுதுவார். 1656இல் றெம்பிராண்ட் கடனில் முறிந்தபோது எழுதிய பட்டியலில் 363 இலக்கங்கள். வெர்மீர் 1675 டிசம்பரில் இறந்து இரண்டு மாதத்தில் அவர் வீட்டுக் கட்டில், போர்வை, சமையல் பாத்திரம் வரை எழுதப்பட்டது. அந்தப் படங்களில் காணும் வீடுகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்த நொத்தாரிசுக் கடதாசிகளிலிருந்து கிடைத்ததே.

இந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பழைய உறுதிகளில் ‘தோம்பு’ என்ற சொல் வருமே, போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரித்து எழுதிய காணிப் பதிவேடு அது. வரி வாங்கவும் ஊழியம் வாங்கவும் எழுதினார்கள், நம் நன்மைக்காக அல்ல. இருந்தும் அந்தப் பதிவு ஒரு பிடிமானமாக நின்றது. யுத்தத்தில் உறுதி எரிந்தவர்கள்கூடக் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க முடிந்தது. 2016இல் வந்த ஆட்சியுரிமை தொடர்பான விசேட ஏற்பாடுகள் சட்டமும் இத்தகையோருக்கே. யுத்தத்தால் தன் காணிக்குப் போகமுடியாமல் இருந்தவருக்கு எதிராக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைப் பத்து வருட ஆட்சிக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது அதன் சாரம். அசையாச் சொத்துக்கு மட்டும்.

தோட்டத்து மக்களுக்குத் தோம்பு இல்லை. எங்களைப் பற்றிப் பட்டியல் இல்லை என்பதல்ல, ஏராளமாக இருந்தது. கங்காணிக்கு ஆள் எவ்வளவு கடன்பட்டிருக்கிறான் என்று எழுதிய கடதாசிக்குத் ‘துண்டு’ என்று பெயர். அந்தக் கடனைத் தீர்த்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம். அந்த முறையைச் சட்டம் போட்டு ஒழித்தது 1921இல். பிறகு செக்ரோல். காலையில் பிரட்டுக்கு வந்தாயா, எத்தனை இறாத்தல், அரைப்பேரா முழுப்பேரா. 1948க்குப் பிறகு பிரஜாவுரிமை விண்ணப்பங்கள். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு யார் இந்தியாவுக்கு, யார் இங்கே என்று இன்னொரு பட்டியல். ஐந்தேகால் இலட்சம் பேர் அந்தப் பக்கம், மூன்று இலட்சம் பேர் இந்தப் பக்கம். எல்லாம் எங்களை எண்ணிய பட்டியல்கள். எங்களிடம் என்ன இருந்தது என்று எண்ணியவை அல்ல.

காம்பரா யாருடையது என்று கேட்டால் தோட்டத்தினுடையது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முன்னால் ஓர் இஸ்தோப்பு, மேலே தகரம். உறுதி கிடையாது. உறுதியில்லாதவருக்கு 2016 சட்டம் உதவாது. இந்திய உதவியில் கட்டிய 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகளும், ஏழு பேர்ச் காணிப் பேச்சும் ஒருபுறம் நடந்துகொண்டிருக்கின்றன. ஆனால் 1977இலும் 1983இலும் லயத்தை விட்டு ஓடியவர்களுக்குத் திரும்பிக் கேட்க ஒரு கதவிலக்கம்கூட இல்லை. வடக்கே போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்களுக்கும் பெரிதாக வேறுபாடில்லை. டொலர் பாம், கென்ட் பாம் குடியேற்றங்களிலிருந்து 1984இல் அவர்கள் மீண்டும் எழுப்பப்பட்டார்கள்.

ஒல்லாந்து நொத்தாரிசு மாதிரி எங்கள் காம்பராவுக்குள் வந்து ஒருவரும் எழுதவில்லை, ஒக்டர்வெல்ட் மாதிரி வரையவும் இல்லை. பிரித்தானியர் காலத்து ஸ்ரூடியோக்கள் கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் பிடித்துத் தபால் அட்டையாக விற்றன. இன்றைக்கும் பழம்பொருள் வியாபாரிகள் அவற்றை விற்கிறார்கள். கூடை இருக்கும், மூக்குத்தி இருக்கும், பெயர் இருக்காது. அந்தப் பெண் மாலையில் திரும்பிப்போன அறையின் உட்புறத்தைக் காட்டும் ஓர் அட்டையை நான் இன்னும் பார்க்கவில்லை.

கொப்பியில் இருப்பது

பெரியம்மாவின் கொப்பிக்கு வருகிறேன். நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று யாரோ சொல்லி, ஒரு அலுவலகத்திலிருந்து படிவம் எடுத்துவந்தோம். இழந்த பொருள், எண்ணிக்கை, பெறுமதி, ஆதாரம் என்று நான்கு நிரல்கள். முதலில் கொப்பியில் எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். தையல் மெசின் ஒன்று. சைக்கிள் இரண்டு. தண்ணீர்ப் பம்பி ஒன்று. மர அலுமாரி ஒன்று. குத்துவிளக்கு இரண்டு. ஆட்டுக்கல், அம்மி. கோழி பதினான்கு. தேக்கு நிலையுடன் கதவு மூன்று. ஞாபகம் வர வர ஒழுங்கு மாறியது. முன்னறை, அடுப்படி, பின்பக்கம், கிணற்றடி என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு நடந்து நடந்து சொன்னார். ஒல்லாந்து நொத்தாரிசு நடந்த மாதிரியே என்று இப்போது தோன்றுகிறது.

‘ஆதாரம்’ நிரலில் எழுத ஒன்றுமில்லை. ரசீதுகள் அலுமாரிக்குள் இருந்தன, அலுமாரியும் பட்டியலில் இருந்தது.

இன்று இழப்பீடுகளுக்கான அலுவலகம் ஒன்று, 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. அதற்கு விண்ணப்பிப்பவர்கள் யாரிடமாவது இப்படி ஒரு கொப்பி இருந்தால் தூக்கிப் போடவேண்டாம். ஞாபகத்திலிருந்து எழுதியது என்பதற்காக அது பெறுமதி இல்லாததாகிவிடாது. எழுதிய திகதியைப் போட்டு, சாமான் ஒவ்வொன்றையும் எங்கே, எப்போது வாங்கியது என்று நினைவுள்ளவரை சேர்த்து, பார்த்த அயலவர் ஒருவரின் கையெழுத்தையும் எடுத்து வையுங்கள். பழைய கல்யாணப் படங்களில், பூப்புனித நீராட்டு வீடியோக்களில் பின்னால் தெரியும் அலுமாரியும் கதவும் தொலைக்காட்சியும் ஆதாரங்கள்தாம். வெளிநாட்டிலுள்ள உறவினரிடம் அந்த வீடியோக்கள் இருக்கக்கூடும். கேட்டு வாங்குங்கள்.

எங்கள் விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. பெரியம்மாவிடம் லண்டன் படத்தின் கதையை ஒரு மாலையில் சொன்னேன். கைத்தொலைபேசியில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். இஸ்தோப்பில் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அம்புட்டு வருசங் கழிச்சுக் கெடச்சத வித்துட்டாங்களாக்கும்” என்றார். விற்றதற்கான காரணங்களைச் சொன்னேன். அவர் அதைப் பெரிதாகக் கேட்டமாதிரி தெரியவில்லை. கொப்பியை எடுத்துவரச் சொன்னார்.

கடைசிப் பக்கத்தில் ‘சுவர்ப் படம், கண்ணாடி போட்டது, 1’ என்று ஒரு வரி இருக்கிறது. அவருடைய கல்யாணப் படம். பெரியப்பாவின் முகம் இருந்த ஒரே படம் அதுதான். அன்றைக்குப் பெறுமதி நிரலில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வெறுமையாக விட்டிருந்தேன். “அதுல ஒண்ணும் எழுதாத” என்றார். “எந்த ஸ்ரூடியோ, எந்த வருசம்னு மட்டும் எழுது. வவுனியாவுல எடுத்தது.”

எழுதினேன்.